எம்ஜிபி காரில் துரு: ஒட்டுப் போடுவதா, சில் மாற்றுவதா, புது ஷெல் வாங்குவதா?

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை வந்த நம்மவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது எம்ஜிபியில்தான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உதிரிப் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. எஞ்சினை வீட்டுக் கராஜிலேயே கழற்றி மாட்டலாம். தொல்லை ஒன்றுதான்: துரு. "கதவுக்குக் கீழே பெயின்ட் குமிழ் குமிழாகக் கிளம்பியிருக்கிறது. ஒருவர் அறுநூறு பவுண்டு கேட்கிறார், இன்னொருவர் ஆறாயிரம் கேட்கிறார். யாரை நம்புவது?" என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. இருவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்கிறார்கள். அந்த வேலைகள் என்னென்ன, எது எப்போது சரி என்று பார்ப்போம்.

## துரு எங்கே, ஏன்

முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனி சேசிஸ் உண்டு. எம்ஜிபிக்குக் கிடையாது. உடம்புத் தகடுகளே ஒன்றோடொன்று சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. ரோட்ஸ்டரில் இரும்புக் கூரையும் இல்லாததால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கார் தொய்யாமல் இருப்பதற்குப் பெரும் பொறுப்பு இரு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் சில்களுடையது. வெளியிலிருந்து பார்த்தால் சில் ஒரே தகடாகத் தெரியும். உண்மையில் அது ஒரு பெட்டி: வெளிச்சில், உட்சில், இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, அடியில் காசில் ரெயில் என்று அழைக்கிற மடித்த தகடு. இவை எல்லாம் கீழ் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கில் ஒன்றாகச் சேர்கின்றன.

துரு தொடங்குவது அந்தப் பெட்டிக்குள்ளே. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு விங்குக்குள், அதாவது சக்கரத்தை மூடும் மட்கார்டுக்குள், போகாமல் தடுக்க, சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. ரப்பர் கெட்டதும் சேறு அதைத் தாண்டி உள்ளே விழுந்து, விங்கின் அடியிலும் சில்லின் முன்முனையிலும் ஈரமாகவே கிடக்கும். பிரிட்டனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அதில் பெரும்பகுதி செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் பாறை உப்பு. உப்பு கலந்த ஈரம் சீக்கிரத்தில் காயாது, மின்னோட்டத்தையும் நன்றாகக் கடத்தும். துருவுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும் இடுக்கில் துரு பிடித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் தகடுகளை நெம்பிப் பிரித்துக்கொண்டே போகும். வெளியே குமிழ் தெரிகிற நாளில் உள்ளே பல வருட வேலை முடிந்திருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பலம். வேலை முடிந்தபின் அந்தப் பெட்டி மறுபடி சுமை தாங்குமா, அல்லது பார்வைக்கு மட்டும் முழுசாக இருக்குமா?

இரண்டாவது, எதை மூடிவிட்டுப் போகிறோம் என்பது. புதுத் தகட்டுக்குப் பின்னால் பழைய துரு இருந்தால் அது அங்கேயே தொடரும். ரசீதில் மட்டும் இது வராது.

மூன்றாவது முழுச் செலவு. வெல்டிங் கூலியோடு கணக்கு முடிவதில்லை. பெயின்ட், கார்பெட், கதவு இடைவெளி சரிசெய்தல், உள்ளே வேக்ஸ் அடித்தல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். வெல்டிங்குக்கு மட்டும் விலை சொன்னால் அது பாதி விலைதான்.

நான்காவது, காரை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. கோடை ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுபவருக்கும் ஜனவரியிலும் ஓட்டுபவருக்கும் ஒரே பதில் கிடையாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து, 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்குப் பிரிட்டனில் எம்ஓடி எனும் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. அதாவது அப்படி மாற்றப்படாத எம்ஜிபி எல்லாவற்றுக்கும் விலக்கு. பலர் இதைச் சலுகை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு வருடம் ஒருமுறை யாரோ ஒருவர் அடியில் போய் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இப்போது யாரும் பார்ப்பதில்லை. சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் பலத்தைக் குறைக்கும் அளவுக்குத் துரு இருந்தால் எம்ஓடியில் காரை நிறுத்திவிடுவார்கள். எம்ஜிபியின் சில் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் விருப்பப்பட்டு எம்ஓடி எடுக்கலாம், அறுபது பவுண்டுக்குள் முடியும். காரை வாங்குவதற்கு முன்பும், பெரிய வேலை முடிந்த பின்பும் எடுப்பது நல்லது.

## முடிவுக்கு முன் ஒரு மணி நேரம்

எந்த வழி என்று தீர்மானிக்கும் முன் காரின் அடியில் படுத்துப் பாருங்கள். தேவையானவை: டார்ச், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், வளையக்கூடிய மெல்லிய ஃபிரிட்ஜ் காந்தம். முடிந்தால் போனோடு இணைகிற சின்ன எண்டோஸ்கோப் கேமரா. இருபது முப்பது பவுண்டுக்குக் கிடைக்கிறது.

காந்தத்தைச் சில்லின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே பட்டி கனமாக இருக்கிறது. பின்சக்கரத்துக்கு முன்னால் ரியர் விங்கின் அடிப்பகுதி, முன்விங்கின் பின்கீழ் மூலை இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். கீழே, சில் விளிம்பில் தகடுகள் சேரும் ஓரமும் ஸ்பாட் வெல்டிங்கின் சின்னச் சின்னக் குழிகளும் தெரிய வேண்டும். அவை தெரியாமல், வழவழவென்று கனத்த கறுப்புப் பூச்சு மட்டும் இருந்தால் யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள்.

ஜாக் வைக்கும் இடத்தில் காரை மெல்லத் தூக்கிக்கொண்டே கதவின் பின்பக்க இடைவெளியைக் கவனியுங்கள். நல்ல சில் என்றால் அது அசையாது. இடைவெளி மாறினாலோ, தூக்கிய நிலையில் கதவு திறக்கவோ மூடவோ முரண்டு பிடித்தாலோ உடம்பு தொய்கிறது என்று பொருள். ஜாக் உள்ளே அமுங்குகிற சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

அப்புறம் கார்பெட்டைத் தூக்கி ஃப்ளோர் ஓரங்கள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், பின்பக்க ஸ்பிரிங்கின் முன்முனை பிடிக்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். 1974 வரை வந்த கார்களில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன. அமிலம் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகள் ஓட்டையாகியிருக்கும். கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் கூரைத் துணியைத் திட்டுவதற்கு முன் ஹீட்டரின் வடிகால் குழாயைப் பாருங்கள். இலை தழை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். கதவின் மேல்விளிம்பில், முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெடிப்பு இருக்கிறதா? அதைத் துரு என்று பயப்பட வேண்டாம். தகடு களைத்து விரிசல் விடுவது அது, எம்ஜிபிக்குப் பிறவிக் குணம்.

## வழி 1: மேலே மூடுவது

பழைய சில்லின் மேலேயே இன்னொரு சில் வடிவத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது. கவர் சில், ஓவர் சில் என்று சொல்வார்கள். ஒரே நாளில் முடியும், மலிவு, பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

பலம் என்ற அளவுகோலில் இது தேறாது. புதுத் தகடு எதன்மேல் பிடித்திருக்கிறது? துருப்பிடித்த தகட்டின்மேல். நடுத்தகடும் காசில் ரெயிலும் தொடப்படவே இல்லை. இரண்டு தகடுகளுக்கு இடையே புதிதாக ஒரு இடுக்கு வேறு உருவாகிவிட்டது. தண்ணீர் போய் நிற்க இன்னும் வசதி. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதற்கடியிலும் துரு தொடரும். நான் பார்த்த ஒரு காரில் கவர் சில்லை வெட்டித் திறந்தபோது, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து அதன் மேல் பட்டி பூசியிருந்தார்கள். பழைய சில் அப்பளமாக நொறுங்கிக் கையில் வந்தது. அந்தக் காரை விற்றவர் "சில் புதுசு" என்றுதான் சொல்லியிருந்தார். ஒரு விதத்தில் பொய்யும் இல்லை.

மறைந்த செலவு: அடுத்து ஒழுங்காகச் செய்பவர் முதலில் இதையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும், அதற்கும் கூலி. எப்போது இது சரி என்று கேட்டால், ஓட்டும் காருக்கு எப்போதுமே சரியில்லை என்பதுதான் என் பதில்.

## வழி 2: நல்ல இரும்பு வரை வெட்டி ஒட்டுப் போடுவது

ஒட்டு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். துரு பிடித்த பகுதியைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே அளவுக்குத் தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் அது முறையான ரிப்பேர்தான். ஃப்ளோர் ஓரம், பேட்டரிப் பெட்டி, விங் அடிமூலை ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

சில்லுக்கு எப்போது போதும்? துரு முன்முனையில் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கி, எண்டோஸ்கோப்பில் நடுத்தகடு முழுசாகத் தெரிந்தால் போதும். கவனம் இங்கே கொஞ்சம் அதிகம் தேவை. அந்தக் காலத்துக் கார்களின் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். துருவால் மெலிந்த தகட்டில் மிக் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வெல்டர் "இன்னும் கொஞ்சம் வெட்டணும்" என்று இரண்டு முறை சொன்னால், நிறுத்தி வழி 3-க்குப் போவதைப் பற்றிப் பேசுங்கள்.

மறைந்த செலவு வெல்டிங்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. சூட்டில் அங்கே இருந்த பெயின்ட் எரிந்து இரும்பு அம்மணமாக நிற்கும். அந்தப் பெட்டிக்குள் வேக்ஸ் அடிக்காமல் விட்டால் புது ஒட்டின் ஓரத்திலேயே முதலில் துரு கிளம்பும். ஒட்டு நிற்கவில்லை என்று புகார் வருகிற கார்களில் முக்கால்வாசி இந்தக் கதைதான். வேலை ஒழுங்காகவே நடந்திருக்கும், கடைசி அரை மணி நேரத்தை விட்டிருப்பார்கள்.

கார் பொதுவாக நன்றாக இருந்து, ஓரிரு இடத்தில் மட்டும் துரு என்றால் இந்த வழி நல்லது. அசல் தகடுகளைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் பிடிக்கும், குறிப்பாக 1965 வரை வந்த, இழுத்துத் திறக்கும் கைப்பிடி வைத்த ஆரம்பக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு.

## வழி 3: சில் முழுவதையும் மாற்றுவது

வெளிச்சில், நடுத்தகடு, காசில் ரெயில், தேவைப்பட்டால் உட்சில்லும் ஜாக் பிடிக்கும் இடமும். பெரும்பாலான எம்ஜிபிகளுக்கு ஒருநாள் இது தேவைப்படும். தகடுகளின் விலை ஒரு பக்கத்துக்குச் சில நூறு பவுண்டுகள். கூலிதான் ஆயிரங்களில் போகும்.

கூலி ஏன் அவ்வளவு? வெளிச்சில் கதவுக்குக் கீழே மட்டும் இருந்தால் சுலபமாக முடியும். அது முன்விங்கின் பின்னாலும் ரியர் விங்கின் பின்னாலும் ஓடுகிறது. முன்விங் போல்ட்டில் மாட்டியது, கழற்றலாம், ஆனால் ஐம்பது வருட போல்ட் பல உடையும். ரியர் விங் வெல்டிங் செய்தது, அதன் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். பின்பு அதற்கும் புதுத் துண்டு, பட்டி, பெயின்ட். கதவுக்குக் கீழே மட்டும் வெட்டி இணைத்து, இரு முனைகளையும் அப்படியே விடுபவர்கள் இருக்கிறார்கள். அறுநூறு பவுண்டு விலை பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான். துரு தொடங்குவதோ அந்த முனையில்.

ரோட்ஸ்டரில் இன்னொரு கவலை. சில்லை வெட்டியதும் நடுவில் பிடிப்பு இல்லை. கார் தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வெல்டிங் செய்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. தெரிந்தவர்கள் செய்வது இதுதான்: காரைச் சமமாக நிறுத்தி, கதவு வாயில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பிடித்து, ஒரு பக்கம் முடிந்த பின்பே மறுபக்கம் தொடுவார்கள். தகடுகளை முதலில் கிளாம்ப் போட்டு, கதவை மாட்டி மூடித் திறந்து இடைவெளி பார்த்த பிறகுதான் வெல்டிங். பட்டறையில் உங்கள் காரின் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுச் சில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தால் போய்க் கேளுங்கள். ஜிடி மாடலில் கூரை இருப்பதால் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை.

மறைந்த செலவு: வெட்டியபின் தெரியவரும் துரு. ஃப்ளோர் ஓரம், கதவுத் தூணின் அடிப்பகுதி என்று பட்டியல் நீளும். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பெயின்ட்டை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் வரும். பழைய சிவப்போடு புதுச் சிவப்பு சேராது. ஒரு பக்கம் என்று தொடங்கி முழுக் காரும் பெயின்ட் என்று முடிந்த கதைகள் நிறைய.

## வழி 4: புது ஷெல்

எம்ஜிபிக்குக் கிடைத்த பாக்கியம் என்று இதைச் சொல்லலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-லிருந்து முழு எம்ஜிபி உடம்பையே மறுபடி செய்து விற்கிறது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் விட்னியில் இருக்கிறார்கள். 1992-ல் ரோவர் வெளியிட்ட ஆர்வி8 கார் இந்த முயற்சியிலிருந்துதான் முளைத்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் கார்கள் செய்து, பெரும்பகுதியை ஜப்பான்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஷெல் மட்டுமே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். அதற்கு உள்ளும் புறமும் பெயின்ட். பின்பு பழைய காரிலிருந்து ஒவ்வொன்றையும் கழற்றி இதில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஒயரிங் நொறுங்குகிறது, பிரேக் பைப் உடைகிறது, ரப்பர் எதுவும் திரும்பப் போடும் நிலையில் இல்லை என்று தெரியும். கடைசியில் கையில் வருவது பழைய கார் அல்ல, புதுக் கார். சந்தோஷம்தான், செலவும் அப்படித்தான். புது ஷெல்லானாலும் கதவும் பானட்டும் தானாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். உட்கார்ந்து சரிசெய்ய நாள் பிடிக்கும்.

பலத்தில் இதை மிஞ்ச வழியில்லை, மூடி மறைத்த துருவும் கிடையாது. சில்கள், ஃப்ளோர்கள், பின்பக்க ஸ்பிரிங் இடம், முன்பக்க உள்விங் எல்லாம் போன காரில் வழி 3-ஐ நான்கு முறை செய்வதைவிட இது மலிவாகக்கூட முடியலாம். ஆனால் அசல்தன்மைக்கு விலை வைக்கிற வாங்குபவர் இதைக் கண்டு முகம் சுளிப்பார். பதிவு விஷயத்தில் ஷெல் வாங்குவதற்கு முன்பே வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவின் அன்றைய விதியைப் படித்து, ரசீதுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

சிலர் "அதே பழைய ஷெல்லை அமிலத்தில் முக்கி எடுத்தால்?" என்று கேட்கிறார்கள். துரு முழுக்கப் போகும், உண்மை. போனபின் எவ்வளவு தகடு மிஞ்சுகிறது என்பது வேறு கதை. இடுக்குகளில் அமிலம் தங்கிவிட்டால் பெயின்ட் அடித்து ஆறு மாதத்தில் கசியும் ஆபத்தும் உண்டு. சூடான துத்தநாகத்தில் முக்கும் முறை ட்ரையம்ஃப் டிஆர்6 போலத் தனி சேசிஸ் உள்ள கார்களின் சேசிஸுக்கு அருமை. மெல்லிய உடம்புத் தகட்டை 450 டிகிரியில் முக்கினால் அது முறுக்கிக்கொள்ளும்.

## வழி 5: விற்றுவிட்டு நல்ல கார் வாங்குவது

யாருக்கும் பிடிக்காத யோசனை, ஆனால் பணக் கணக்கில் பெரும்பாலும் ஜெயிப்பது இதுதான். எம்ஜிபி விலை உயர்ந்த கார் அல்ல. முழுமையாகச் செய்து முடித்த காரை, செய்தவர் செலவழித்ததில் பாதிக்கே வாங்க முடியும். குறிப்பாக 1974-க்குப் பின் வந்த ரப்பர் பம்பர் மாடல்களில். வெல்டிங்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். பெயின்ட் அடித்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை.

கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட இடங்களிலிருந்து திரும்பி வரும் கார்களும் இதில் சேரும். எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. உப்புப் படாத சில்கள் இன்னும் அங்கே கிடைக்கின்றன. வெயிலில் டேஷ்போர்டும் சீட்டும் வெடித்திருக்கும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அவற்றை மாற்றுவது சில் வெல்டிங்கைவிடச் சுலபம். "கலிபோர்னியா கார்" என்று சொல்லி நியூயார்க்கில் குளிர்காலம் கழித்த காரை விற்பவரும் உண்டு, அதனால் அடியில் படுத்துப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை இங்கேயும் விடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| மேலே மூடுவது | இல்லை | பிறகு வெட்டி எடுக்கும் கூலி | யாருக்கும் வேண்டாம் |
| வெட்டி ஒட்டு | நல்ல இரும்பு சுற்றிலும் இருந்தால் முழுப் பலம் | பின்பக்கம் எரிந்த பெயின்ட், வேக்ஸ் | ஓரிரு இடத் துரு, அசலைக் காப்பவர் |
| முழுச் சில் | செய்பவர் கையைப் பொறுத்து | உள்ளே தெரியவரும் துரு, பெயின்ட் | பெரும்பாலான எம்ஜிபி |
| புது ஷெல் | மிக அதிகம் | ஒயரிங், ரப்பர், பைப், பெயின்ட் | எல்லா இடமும் போன கார், நீண்ட காலம் வைத்திருப்பவர் |
| வேறு கார் | பார்த்து வாங்குவதில் இருக்கிறது | முந்தைய உரிமையாளர் மறைத்தவை | காரை ஓட்ட விரும்புபவர், வெல்டிங்கை அல்ல |

## தடுப்பு: எதைப் பூசுவது

ரிப்பேர் எந்த வழியானாலும் இது பொது. துரு இல்லாத கார் வைத்திருப்பவர் இதை மட்டும் படித்தாலும் போதும்.

பெட்டிக்குள் அடிக்கும் வேக்ஸ். என் முதல் தேர்வு. நீளக் குழாயின் முனையில் நாலாபுறமும் தெளிக்கும் மூக்கு இருக்கும். சில், கதவு, குறுக்குச் சட்டம் என்று மூடிய இடங்களுக்குள் அதை விட்டு இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். வேக்ஸ் இடுக்குகளில் ஊறிப் படியும், இறுகி வெடிக்காது. வழி இல்லாத இடத்தில் உட்சில்லில் சிறு துளை போட்டு, பிறகு ரப்பர் மூடியால் அடைக்கலாம். குறை இரண்டு: வாரக்கணக்கில் வாசனை போகாது, பின்னாளில் அங்கே வெல்டிங் தேவைப்பட்டால் தீப்பிடிக்கும். அதனால் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே வேக்ஸ்.

ரப்பர், தார் அண்டர்சீல். புதிதாகப் பூசியபோது அழகு. வருடங்கள் போனால் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு வழியே உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வராது. பூச்சு முழுசாகத் தெரிய, அடியில் இரும்பு பொடியாகியிருக்கும். சக்கர வளைவில் கல் அடியைத் தாங்க மட்டும், அதுவும் சுத்தமான, பிரைமர் அடித்த தகட்டின்மேல் என்றால் சரி. பழைய காரின் அடியில் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைப் பார்த்தால் நான் விலையைக் குறைத்துத்தான் பேசுவேன்.

லானோலின். ஆட்டு ரோமத்திலிருந்து வரும் கொழுப்பு. வாசனை குறைவு, அடிப்பது சுலபம், இருக்கிற வேக்ஸின் மேலேயும் அடிக்கலாம். சக்கரத்தடியில் தண்ணீர் வேகமாக அடிக்கும் இடத்தில் கழுவிக்கொண்டு போகும், ஆகவே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திரும்ப அடிக்கத் தயாராக இருப்பவருக்கு ஏற்றது. ஜனவரியிலும் ஓட்டுபவருக்கு நான் சொல்வது: பெட்டிக்குள் வேக்ஸ், வெளியே லானோலின்.

துரு மாற்றி. பாஸ்போரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து அதைக் கறுப்பான, ஓரளவு நிலையான பொருளாக மாற்றும். நம் ஊரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுத்தார்களே, டானிக் அமில வகையில் அதே வேதியியல்தான். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டியபின் மிஞ்சும் மெல்லிய துருவுக்கு இது நல்லது, பேட்டரித் தட்டு போன்ற இடங்களுக்குப் பொருந்தும். செதிலாகக் கனத்த துருவில் மேல் அடுக்கோடு நின்றுவிடும், அடியில் வேலை தொடரும். மூடிய சில்லுக்குள் இதை ஊற்றுவது வீண்.

நிறுத்தும் இடம். காற்று ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருந்தால் இரும்பு ஏறக்குறையத் துருப்பிடிக்காது. ஈரமான கராஜில் கனத்த கவர் போட்டு மூடுவதைவிட, கூரை மட்டும் உள்ள காற்றோட்டமான இடம் மேல். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கினால், குளிரூட்டிக் கம்ப்ரஸர் வகை பிரிட்டனின் குளிர்காலக் கராஜில் சரியாக வேலை செய்யாது. டெசிகன்ட் வகைதான் பத்து டிகிரிக்குக் கீழேயும் உறிஞ்சும். "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்" என்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வரும். சூடேறாத சைலன்சரில் அது அப்படியே தங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது இலவசம். உப்புத் தூவிய வாரம் முடிந்ததும் சாதாரணத் தோட்டக் குழாயால் அடியைக் கழுவுங்கள்; அழுத்தம் கூடிய ஜெட், தண்ணீரை இடுக்குக்குள் தள்ளிவிடும். வருடம் ஒருமுறை முன்சக்கரத்தைக் கழற்றி, தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் கைவிட்டுச் சேற்றை வாரி எடுத்து, ரப்பர் விளிம்பை மாற்றுங்கள். ரப்பரின் விலை சில பவுண்டுகள்.

## பட்டறையில் கேட்க வேண்டியவை

சில் வேலைக்கு விலை கேட்கும்போது நான்கு கேள்விகள். ரியர் விங்கின் அடியை வெட்டுவீர்களா? நடுத்தகட்டையும் காசில் ரெயிலையும் பார்த்த பிறகு எனக்குப் படம் அனுப்புவீர்களா? வெல்டிங்கின்போது கதவு மாட்டியிருக்குமா? உள்ளே வேக்ஸ் இந்த விலையில் சேர்த்தியா? முதல் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று பார்க்காமலே பதில் வந்தால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டியதில்லை, வேறு இடம் பாருங்கள்.

வேக்ஸை நீங்களே அடிப்பதாக இருந்தால் ஜூலையில், வெயிலடித்த ஒரு வாரத்துக்குப் பின், உள்ளே ஈரம் முழுக்கக் காய்ந்ததும் அடியுங்கள். குளிரில் அது இடுக்குக்குள் ஓடாது. அடித்து முடித்த மறுநாள் கீழே படுத்து, சில்லின் வடிகால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வேக்ஸ் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், அடித்த வேலையெல்லாம் போச்சு.